கதிர்பட்ட கற்கள் பெட்டி: கல்லுக்கு முழு மார்க், கையேட்டுக்கு முட்டை

என் சட்டையில் 22 வருடமாக ஒரு பேட்ஜ் தொங்குகிறது. எக்ஸ்ரே டெக்னீஷியன் வேலை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைக் கழற்றி அனுப்பிவிட்டு வேறொன்றை மாட்டிக்கொள்வோம். போன பேட்ஜைச் சூடாக்கிப் பார்த்து, இந்த ஆள் மேல் இவ்வளவு கதிர் பட்டிருக்கிறது என்று ஓர் எண் வரும். எனக்கு வருவது பெரும்பாலும் சைபரை ஒட்டிய எண். கையெழுத்துப் போட்டு ஃபைலில் சொருகுவதோடு சரி. உள்ளே இருக்கிற வில்லையைச் சூடாக்கினால் எண் எப்படி வருகிறது என்பதைப் படிக்கிற காலத்தில் மனப்பாடம் செய்தேன், பரீட்சையில் எழுதினேன், மறந்தேன்.

மூன்று மாதம் முன்னால் ஆன்லைனில் ஒரு கனிமப் பெட்டி கண்ணில் பட்டது. கதிர்வீச்சால் நிறமோ குணமோ மாறிய எட்டு வகைக் கற்கள், கைலென்ஸ் ஒன்று, 250 டிகிரி வரை போகும் உள்ளங்கை அளவு ஹாட் பிளேட், ஒரு கையேடு. மகள் ஒன்பதாவது படிக்கிறாள். அவளுக்கு என்று வீட்டில் சொல்லி வாங்கினேன். யாருக்கு என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

பிரித்ததும் ஒரு விஷயம் பிடித்தது. உப்புப் படிகத்தை மட்டும் கறுப்புக் காகிதத்தில் சுற்றி, ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு இறுக்கமான டப்பாவில் வைத்திருந்தார்கள். காமா கதிர் பட்டு மஞ்சளான உப்பு வெளிச்சத்தில் வைத்தால் வெளுத்துப் போகும். கற்களை எடுத்து வைத்தவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. கையேடு எழுதியவர் வேறு ஆள் என்பது அப்புறம்தான் புரிந்தது.

முதலில் எடுத்தது ஃப்ளூரைட் (கால்சியம் ஃப்ளூரைடு கனிமம்) சில்லுகள். பத்து இருந்தன, ஒவ்வொன்றும் பச்சைப்பயறு அளவு, வெளிர் பச்சை. கையேடு சொன்னது ஒரே வரி: "சூடான தட்டில் போடவும், அழகாக ஒளிரும்." போட்டோம். ஹாலில், டியூப் லைட் எரிய. ஒன்றும் தெரியவில்லை. சரி, விளக்கை அணைக்கலாம் என்று எழுந்து போய் அணைத்துவிட்டு வந்தேன். அப்போதும் ஒன்றும் இல்லை. "அப்பா, டூப்ளிகேட்டை அனுப்பிட்டாங்களா?" என்றாள் மகள். அதே சில்லை ஆறவைத்து, விளக்கை அணைத்துவிட்டு, மறுபடி போட்டோம். இருட்டு அப்படியே இருந்தது.

அப்போதுதான் பேட்ஜ் ஞாபகம் வந்தது. சூடாக்கிப் படிப்பது ஒருமுறைதான். படிக்கும்போதே அழிந்துவிடும். நாங்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு பேசிக்கொண்டிருந்தபோது அந்தச் சில்லு தன்னிடம் இருந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்துவிட்டது.

மறுநாள் ராத்திரி ஒழுங்காகச் செய்தோம். ஜன்னல் இல்லாத குளியலறை, கதவிடுக்கில் துண்டு, ஹாட் பிளேட்டின் சிவப்புப் பொட்டு விளக்கின் மேல் ஒட்டுத்தாள். பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தோம். ஃபிலிம் கழுவிய காலத்தில் டார்க் ரூமில் நின்றவனுக்குத் தெரியும், கண் இருட்டுக்குப் பழக அவ்வளவு நேரம் ஆகும். அப்புறம் சில்லைத் தடவிப் பார்த்துத் தட்டில் வைத்தேன்.

அரை நிமிடம் வரை ஒன்றும் இல்லை. பிறகு ஒரு ஓரத்தில் மட்டும் மங்கலாக நீலம். அது அப்படியே பரவி, சில்லு முழுக்க நீலப்பச்சையாகி, மகளின் மூக்கு நுனி தெரிகிற அளவுக்கு வெளிச்சம் வந்தது. 'டிக்' என்று ஒரு சத்தம், சில்லு இரண்டாகத் தெறித்தது, இரண்டு துண்டும் தனித்தனியாக ஒளிர்ந்துகொண்டிருந்தன. (ஃப்ளூரைட் சூட்டில் இப்படித் தெறிக்கும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், கையேட்டில் இதுவும் இல்லை.) முக்கால் நிமிடத்தில் மங்கி அணைந்தது. "முடிஞ்சிடுச்சா?" என்றாள். முடிந்துவிட்டது.

அந்த வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்பதுதான் இந்தப் பெட்டியின் மொத்த விஷயமும். பாறையில் கொஞ்சம் யுரேனியம், தோரியம், பொட்டாசியம் எப்போதும் உண்டு. அவற்றின் கதிர் படிகத்தில் பட்டு ஓர் எலக்ட்ரானை அதன் இடத்தைவிட்டுத் துரத்தும். பெரும்பாலானவை உடனே திரும்பிவிடும். சில மட்டும் போகிற வழியில் படிகத்தில் இருக்கும் ஒரு குறையில், ஓர் அணு விடுபட்ட பள்ளத்திலோ வேற்று அணு உட்கார்ந்த இடத்திலோ, சிக்கிக்கொள்ளும். குளிர்ந்த பாறைக்குள் அது லட்சக்கணக்கான வருடம் அங்கேயே கிடக்கும். சூடு பண்ணினால் எழுந்து வீடு திரும்பும், திரும்பும்போது மிச்சச் சக்தியை ஒளியாக விட்டுவிடும். நாங்கள் பார்த்த முக்கால் நிமிடம் அத்தனை எலக்ட்ரான்களின் வீடு திரும்புதல். 1663-ல் ராபர்ட் பாயில் ஒரு வைரத்தைப் படுக்கைக்கு எடுத்துப் போய் உடம்புச் சூட்டில் வைத்து அது மினுங்கியதைப் பார்த்து எழுதியிருக்கிறார். எங்களுக்குக் குளியலறை.

என் பேட்ஜிலும் இதே கதைதான். வித்தியாசம் என்னவென்றால் அதில் வருகிற ஒளி கண்ணுக்குத் தெரியாது, மிக மங்கலான ஒளியையும் பிடிக்கிற ஃபோட்டோமல்டிபிளையர் குழாய் வைத்து எண்ணுவார்கள். பழைய மண்பானையின் வயதைக் கண்டுபிடிப்பதும் இப்படித்தான். சூளையில் வைத்தபோது மண்ணில் இருந்த குவார்ட்ஸ் மணிகளின் பழைய கணக்கெல்லாம் அழிந்து சைபரில் இருந்து தொடங்கும். அன்றிலிருந்து சேர்ந்ததை அளந்து, வருடத்துக்கு எவ்வளவு சேரும் என்பதால் வகுத்தால் பானை சூளையில் இருந்து வந்து எத்தனை வருடம் என்று தெரியும். 1953-லேயே ஃபாரிங்டன் டேனியல்ஸ் என்ற வேதியியலாளரும் அவர் கூட்டாளிகளும் இந்த யோசனையைச் சொன்னார்கள்.

இப்போது கையேட்டுக்கு வருகிறேன். "கல்லுக்குள் கதிர்வீச்சு சேமிக்கப்பட்டுள்ளது" என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறது. இதைப் படித்ததும் எனக்குச் சுர்ரென்று ஏறியது. எக்ஸ்ரே எடுத்து முடித்ததும் வாரத்துக்கு ஒருவராவது என்னிடம் கேட்பார்கள்: "சார், இப்ப வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்கலாமா?" தூக்கலாம். மெஷின் நின்ற நொடியில் கதிர் போய்விட்டது, உங்களிடம் ஒன்றும் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. கல்லும் அப்படித்தான். கதிர் வந்தது, போனது. இருப்பது அது கலைத்துப் போட்ட எலக்ட்ரான்கள். ஒரு மத்தியானம் கூட்டம் இல்லாத நேரத்தில் பெட்டியை வேலைக்கு எடுத்துப் போய், கதிர் அளக்கும் சர்வே மீட்டரை ஒவ்வொரு கல்லிலும் வைத்துப் பார்த்தேன். ஏழில் ஒன்றுமில்லை. எட்டாவதில் மட்டும் முள் கொஞ்சம் ஏறியது. அதைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன்.

இன்னொரு அபத்தம்: ஒளிர்ந்து தீர்ந்த ஃப்ளூரைட்டை "எக்ஸ்ரேயில் காட்டினால் மீண்டும் ஒளிரும்" என்று போட்டிருக்கிறார்கள். ஒரு மார்பு எக்ஸ்ரேயில் படுவது ஒரு மில்லிகிரேகூட இல்லை (கிரே என்பது கதிரை அளக்கும் அலகு, மில்லிகிரே அதில் ஆயிரத்தில் ஒன்று). அந்தச் சில்லு பாறைக்குள் வாங்கியதோ ஆயிரக்கணக்கான கிரே. எங்கள் மெஷினில் வைத்து எடுத்துத் தள்ளினாலும் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சம் வராது. இதை நம்பி யாராவது ஏதாவது எக்ஸ்ரே அறையில் போய்க் கல்லை நீட்டினால் அங்கே இருக்கிற என்னைப் போன்ற ஒருவன்தான் பதில் சொல்ல வேண்டும்.

இந்த அளவுகளைப் புரிந்துகொள்ள எனக்கு உதவியது குவார்ட்ஸ் ஜோடி. ஒரே படிகத்தை இரண்டாக அறுத்து, ஒரு பாதியைச் சும்மா விட்டு, மறுபாதிக்கு காமா கொடுத்திருக்கிறார்கள். ஒன்று தண்ணீர் மாதிரி, மற்றது கடுங்காப்பி மாதிரி. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அறுத்த இடம் கச்சிதமாகப் பொருந்துகிறது. சிலிக்கான் இருக்க வேண்டிய இடத்தில் அங்கங்கே அலுமினியம் உட்கார்ந்திருக்கும், கதிர் பட்டால் அதன் பக்கத்து ஆக்ஸிஜன் ஓர் எலக்ட்ரானை இழக்கும், அந்த இடம் வெளிச்சத்தை விழுங்க ஆரம்பிக்கும். அவ்வளவுதான், கறுப்பு. மருத்துவமனை சிரிஞ்சுகளைக் கிருமிநீக்கம் செய்ய வழக்கமாகக் கொடுப்பது 25,000 கிரே. பாறைக்குள் வருடத்துக்கு இரண்டு மில்லிகிரே என்று வைத்துக்கொண்டால் அதே அளவு சேர 1 கோடியே 25 லட்சம் வருடம் ஆகும். மலையில் கிடைக்கும் புகைநிறக் குவார்ட்ஸுக்கு அந்த அவகாசம் இருந்தது, நம் சிரிஞ்சுக்கு இல்லை. கையேடு இந்தக் கல்லையும் ஹாட் பிளேட்டில் பத்து நிமிடம் வைத்தால் வெளுக்கும் என்கிறது. 250-ல் அரை மணி வைத்தேன், நிறம் அசையவில்லை. 300-க்கு மேல் போனால்தான் ஒழுங்காக வெளுக்கும். தங்கள் பிளேட் எவ்வளவு போகும் என்றுகூடப் பார்க்காமல் எழுதியிருக்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது நீலப் பெரில், மரகதக் குடும்பத்துக் கல். நகைக்கடை நீலம் மாதிரி ஆழமான நிறம், கட்டைவிரல் நகம் அளவு தட்டையான துண்டு. 1917-ல் பிரேசிலின் மினாஸ் ஜெராய்ஸில் மஷீஷி என்ற சுரங்கத்தில் இப்படி ஒரு நீலப் பெரில் கிடைத்தது, எடுத்து வெளிச்சத்தில் வைத்தால் வெளுத்துப்போனது. 1970-களில் அதே மாதிரி ஆழ்ந்த நீலக் கற்கள் சந்தைக்கு வந்தன, கதிர் கொடுத்து நீலமாக்கியவை. அவையும் வெளுத்தன. பெரில் படிகத்துக்குள் நீளநீளமாகக் குழாய் போல இடைவெளிகள் உண்டு. அதில் மாட்டிக்கிடக்கும் கார்பனேட் ஓர் எலக்ட்ரானை இழந்தால் சிவப்பு வெளிச்சத்தை விழுங்கும், நமக்கு நீலம் தெரியும். ஆனால் அந்த நிலை சூரிய வெளிச்சத்துக்கு முன்னால் நிற்காது.

துண்டின் பாதியை அலுமினியத் தாளால் சுற்றி, வெயில் விழும் ஜன்னல் விளிம்பில் வைத்தோம். மகள் தாளின் மேல் தேதி எழுதினாள். முதல் வாரம் முடிவில் பிரித்துப் பார்த்தபோது 'ஆமாம் போலிருக்கிறது' என்கிற அளவில் வித்தியாசம். ஆறாவது வாரம் பிரித்தபோது சந்தேகமே இல்லை. தாளுக்குள் இருந்த பாதி பழைய நீலம், வெளியில் இருந்த பாதி வெளிறிய மஞ்சள். நடுவில் கோடு, தாளின் சுருக்கத்தைக்கூட அப்படியே நகல் எடுத்து வைத்திருந்தது. ரத்தினப் பரிசோதனைக் கூடங்களில் சந்தேகமான மஞ்சள் நிற சஃபையரை இப்படித்தான் பலத்த விளக்கின் கீழ் வைத்துப் பார்ப்பார்கள், கதிர் கொடுத்து ஏற்றிய மஞ்சள் பல சமயம் இறங்கிவிடும். விற்கிறவர் "கதிர் கொடுத்தது" என்று சொல்லாமல் இப்படி ஒரு கல்லை மோதிரத்தில் வைத்து விற்றால் அதற்குப் பெயர் வேறு. இந்தப் பெட்டியில் வெளுக்கும் என்று தெளிவாக எழுதி வைத்திருந்தார்கள். கையேட்டில் சரியாக இருந்த இரண்டு பக்கத்தில் அது ஒன்று.

இனி அந்த எட்டாவது. ஆண்டோசோனைட். கறுப்பென்று சொல்லும் அளவுக்கு அடர்ந்த ஊதா, மூடிய கண்ணாடிக் குப்பியில் மிளகளவு மூன்று துண்டு. ஜெர்மனியில் வோல்சண்டார்ஃப் பக்கம் கிடைப்பது. இதுவும் ஃப்ளூரைட்தான், ஆனால் உள்ளேயே கொஞ்சம் யுரேனியம் இருக்கிறது. மீட்டர் முள் ஏறியது அதனால்தான். உடைத்தால் நாறும். ஏன் நாறுகிறது என்று கிட்டத்தட்ட 200 வருடம் சண்டை போட்டிருக்கிறார்கள். கால்சியம் ஃப்ளூரைடைக் கதிர் அடித்துக்கொண்டே இருந்தால் அது பிரிந்து, ஒருபக்கம் கால்சியம் உலோகம் நுண்ணிய திரளாகச் சேரும் (ஊதா அதனால்), மறுபக்கம் ஃப்ளூரின் வாயு படிகத்துக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். ஃப்ளூரின் எதைத் தொட்டாலும் வினைபுரியும், தனியாக இயற்கையில் இருக்கவே முடியாது என்று பாடப்புத்தகத்தில் நானே படித்திருக்கிறேன். 2012-ல் ம்யூனிக் ஆய்வாளர்கள் கல்லை உடைக்காமலே காந்த ஒத்ததிர்வு முறையில் உள்ளே பார்த்து, இருப்பது ஃப்ளூரின்தான் என்று முடித்து வைத்தார்கள். நாங்கள் நோயாளியைப் படுக்கவைக்கும் எம்ஆர்ஐக்கு அண்ணன் முறை அந்தக் கருவி.

மொட்டை மாடியில், காற்று எதிர்ப்பக்கம் வீசும்போது, குறடால் ஒரு துண்டை நசுக்கினேன். மகளைப் பத்தடி தள்ளி நிற்கச் சொன்னேன், ஃப்ளூரின் விளையாட்டுப் பொருள் கிடையாது. கிளிக் என்றது. ஒரு மூச்சுக்குத்தான், ப்ளீச்சிங் பவுடர் டப்பாவைத் திறந்தால் வருமே, அதைவிடக் கூர்மையாக ஒன்று மூக்கில் குத்திவிட்டுப் போனது. கல் உருவான காலத்தில் இருந்து உள்ளே அடைபட்டுக் கிடந்தது, என் மூக்கில் வந்து முடிந்தது. மற்ற இரண்டு துண்டையும் உடைக்கப்போவதில்லை. வாங்குகிறவர்கள் இந்தக் குப்பியைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். பெட்டியின் மேலே 'வயது 10+' என்று அச்சடித்திருப்பதை நான் ஏற்கவில்லை.

காக்காப்பொன் தகடு ஒன்றும் இருக்கிறது, கறுப்பு மைக்கா. அதில் ஒளிவட்டங்கள் தெரியும், கைலென்ஸால் பாருங்கள் என்கிறது கையேடு. பார்த்தேன், புள்ளி புள்ளியாக அழுக்கு மாதிரி தெரிந்தது. மைக்காவுக்குள் சிக்கிய துளி சிர்க்கானில் (லேசான கதிரியக்கம் உள்ள கனிமம்) இருந்து ஆல்ஃபா துகள்கள் எல்லாப் பக்கமும் போய் மிஞ்சினால் 0.04 மில்லிமீட்டரில் நின்றுவிடும். பத்து மடங்கு லென்ஸில் அது எங்கே தெரியப்போகிறது? ரத்தப் பரிசோதனைக் கூடத்து நண்பரிடம் கெஞ்சி மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தோம். அப்பா! நடுவில் ஒரு துளி, சுற்றிலும் தேன் நிறத்தில் வட்டம், அதன் விளிம்பு உள்பகுதியைவிட அடர்த்தி. ஆல்ஃபா துகள் ஓடி ஓடி நிற்கப்போகிற இடத்தில்தான் அதிகமாகச் சேதம் செய்யும், புரோட்டான் சிகிச்சையில் கட்டியைக் குறிவைப்பதும் இந்தக் குணத்தை வைத்துத்தான். 1907-ல் ஜான் ஜோலி இந்த வட்டங்களுக்குக் காரணம் கதிரியக்கம் என்று சொல்லும்வரை பாறை ஆராய்ச்சி செய்தவர்களுக்கு இது புதிர். நண்பர் அன்றைக்கு ஸ்லைடுகளை மறந்து அரை மணி இதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

செவ்வந்திக்கல்லும் நீல டோபாஸும் பெட்டியில் உண்டு, அழகு, வேறு சொல்ல ஒன்றுமில்லை. டோபாஸுக்கு நியூட்ரான் கொடுத்ததா எலக்ட்ரான் கொடுத்ததா என்று கையேட்டில் குறிப்பிடவில்லை, அது முக்கியம். நியூட்ரான் என்றால் கல்லுக்குள்ளேயே கொஞ்சம் கதிரியக்கம் உண்டாகும், அது அடங்கும்வரை வைத்திருந்துதான் விற்க வேண்டும். மீட்டரில் சுத்தமாக இருந்ததால் விட்டுவிட்டேன். உப்பில் ஒரு மணியைத் தண்ணீரில் போட்டோம், மஞ்சள் கரைந்து காணாமல் போனது. படிகமே இல்லாதபோது படிகத்தின் பள்ளம் ஏது?

பெட்டியில் இல்லாத ஒன்றைக் கேட்கத் தோன்றுகிறது: பல். எனாமலில் கதிர் பட்டால் உள்ளே இருக்கும் கார்பனேட்டில் இருந்து ஒருவகை ரேடிக்கல் (ஜோடி சேராத எலக்ட்ரான் உள்ள துண்டு) உண்டாகி, லட்சக்கணக்கான வருடம் கலையாமல் நிற்கும். ஹிரோஷிமாவில் தப்பியவர்களின் பற்களிலும் செர்னோபிலில் சுத்தம் செய்தவர்களின் பற்களிலும் அதை அளந்து, யார்மேல் எவ்வளவு பட்டது என்று கணக்கிட்டார்கள். அதற்கான கருவியை வீட்டில் வைக்க முடியாதுதான், ஆனால் கையேட்டில் ஒரு பக்கமாவது எழுதியிருக்கலாம். நான்கு வருடம் முன்னால் பிடுங்கிய என் கடைவாய்ப்பல் ஒரு மாத்திரை டப்பாவில் இருக்கிறது. பேட்ஜ் எண்கள் உண்மையென்றால் அதனிடம் என் வேலையைப் பற்றிச் சொல்ல எதுவும் இருக்காது. பேட்ஜைப் போட்டுக்கொண்டதன் பலன் அதுதான் என்று வைத்துக்கொள்ளலாம்.

மொத்தத்தில் ஐந்துக்கு மூன்றரை. கற்களின் தேர்வும் பேக்கிங்கும் முழு மார்க். ஹாட் பிளேட் சுமார், டயலில் 150 என்று வைத்தால் 180 போய்விட்டு வருகிறது. லென்ஸ் தண்டம். கையேட்டைப் படிக்காமல் தூக்கிப் போடலாம், பெரில் பக்கத்தையும் உப்புப் பக்கத்தையும் மட்டும் கிழித்து வைத்துக்கொள்ளுங்கள். விற்றவருக்கு இரண்டு விஷயம் எழுதினேன்: ஃப்ளூரைட் சில்லுகளைப் பத்துக்குப் பதில் முப்பதாகக் கொடுங்கள், பொட்டலத்தின் மேலேயே 'ஒருமுறைதான், முழு இருட்டில்' என்று அச்சடியுங்கள். "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று பதில் வந்தது.

எங்களிடம் இன்னும் நான்கு சில்லு மிச்சம். ஒன்று என் மனைவிக்கு, அன்றைக்கு அவள் வீட்டில் இல்லை. மற்ற மூன்றையும் மகள் தனித்தனிக் காகிதத்தில் மடித்து மேலே பெயர் எழுதி வைத்திருக்கிறாள். மூன்றும் அவள் தோழிகள் பெயர். எனக்கு ஒன்று கேட்டேன், "நீங்கதான் ஒண்ணை வேஸ்ட் பண்ணீங்களேப்பா" என்று சொல்லிவிட்டாள்.